புதுப்பிப்பு: லாகவுட் செய்த பிறகும் பேக் பட்டனில் சம்பளச் சீட்டு தெரிந்த சிக்கல் தீர்ந்தது

எங்கள் சம்பளத் தளத்தில், பலர் பகிரும் கணினியில் ஒருவர் லாகவுட் செய்தபின் பேக் பட்டனை அழுத்தினால் அவருடைய சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எண்ணோடு, அப்படியே திறந்தது. இதுதான் நான் கேட்டிருந்தது. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பக்கத்தோடு சர்வர் பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பான ஹெடரில் முதலில் இருந்தது ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்’. பெயர் ஏமாற்றும்: அது பக்கத்தைச் சேமிக்கத் தடை போடாது, மறுபடி பயன்படுத்துமுன் சர்வரிடம் கேட்கத்தான் சொல்லும். பேக் அழுத்தும்போது அந்தக் கேள்வியும் பெரும்பாலும் நடப்பதில்லை. பரிந்துரைத்தபடி ‘நோ-ஸ்டோர்’ (சேமிக்கவே கூடாது) என மாற்றியதும் பெரும்பகுதி தீர்ந்தது.

ஆனால் பிரவுசர் முழுப் பக்கத்தையும் நினைவகத்தில் உறையவைத்துத் திருப்பித் தருவதும் உண்டு. அதற்கு இரண்டாவது பரிந்துரை கைகொடுத்தது: பக்கம் திரைக்கு வரும்போது எழும் ‘பேஜ்ஷோ’ நிகழ்வில் ‘பெர்சிஸ்டட்’ ட்ரூ என்று வந்தால், அதாவது பக்கம் நினைவகத்திலிருந்து வந்திருந்தால், உடனே ரீலோட். சர்வரில் செஷனை (லாகின் நிலையின் பதிவை) அழித்திருந்தால் லாகின் பக்கம்தான் வரும்.

எதிர்பாராதது சர்வீஸ் வொர்க்கர், அதாவது பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவே பிரவுசரில் ஓடும் நம் ஸ்கிரிப்ட். அதன் கேஷ் ஸ்டோரேஜ் ‘நோ-ஸ்டோர்’ ஹெடரை மதிக்காது. நம் கோட் போடச் சொன்னதைப் போட்டு வைத்துக்கொள்ளும். சம்பளத் தரவைத் தரும் ஏபிஐ முகவரிகளை அது சேமிக்கும் பட்டியலிலிருந்து நீக்கி, பழைய கேஷை லாகவுட்டில் ‘கேஷஸ்.டெலீட்’ மூலம் அழித்த பிறகே முழுமையாக நின்றது.

தளத்தின் சேமித்த தரவை அழிக்கும்படி பிரவுசரிடம் சொல்லும் ‘கிளியர்-சைட்-டேட்டா’ ஹெடரும் சேர்த்தேன். அதன் மதிப்புகளுக்கு இரட்டை மேற்கோள் கட்டாயம். எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வேலை செய்யும்.