குடும்பக் குழு: மூன்று ராஜாக்கள் ரொட்டி

ஜெனி: குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் வாழ்த்து எல்லாருக்கும்! அங்கே ஜனவரி 7ஆம் தேதி விடிந்திருக்கும். இங்கே மெக்சிகோ சிட்டியில் இன்னும் 6ஆம் தேதி ராத்திரிதான். போட்டோவில் இருப்பது ரோஸ்கா தே ரெயெஸ். ஆபீஸில் வெட்டினோம்.

மேரி அத்தை: வாழ்த்துகள் கண்ணு. இவ்வளவு பெரிய வளையமா!

ஜெனி: ரொட்டிதான் அத்தை. மைதா, முட்டை, வெண்ணெய், ஈஸ்ட், ஆரஞ்சுத் தோல் துருவல். நீள்வட்டமாக இருப்பது ராஜாக்களின் கிரீடமாம், பழத்துண்டுகள் அதில் பதித்த கற்களாம். வெள்ளைப் பட்டைகள் தெரிகின்றன அல்லவா? சர்க்கரை, மாவு, வெண்ணெய் பிசைந்து மேலே ஒட்டிச் சுடுவது. வாயில் வைத்தால் பொலபொலவென்று உதிரும். அந்தத் துண்டுக்குத்தான் போட்டி. கூடவே சூடாகச் சாக்லேட் குடிப்பார்கள்.

சேவியர் மாமா: ஒரு துண்டில் ஏதோ பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கிறதே, பார்த்தாயா?

ஜெனி: அதுதான் மாமா குழந்தை இயேசு! சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னன் கண்ணில் படாமல் ஒளித்ததை நினைத்து உள்ளே வைக்கிறார்கள். பெரிய ரொட்டியில் பல பொம்மைகள் இருக்கும். அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். பொம்மை வந்தவர் பிப்ரவரி 2 அன்று எல்லாருக்கும் தமாலெஸ் போட வேண்டும்.

அந்தோணி சித்தப்பா: பிப்ரவரி 2 நம் கோயிலில் மெழுகுதிரி மந்திரிக்கும் நாளாயிற்றே.

ஜெனி: அதே திருநாள்தான் சித்தப்பா, கிறிஸ்துமஸிலிருந்து 40ஆம் நாள். இங்கே குடிலில் இருந்த குழந்தை இயேசு சுரூபத்துக்குப் புதுச் சட்டை போட்டு, கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். அப்புறம்தான் தமாலெஸ்.

மேரி அத்தை: அது என்ன பலகாரம்?

ஜெனி: நம்ம இலைக்கொழுக்கட்டை மாதிரி அத்தை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு. உள்ளே கோழியும் மிளகாய்ச் சாறும் வைத்து, சோளத்தோலில் சுற்றி ஆவியில் வேகவைப்பார்கள்.

சேவியர் மாமா: மேலே பச்சையாக இருப்பது டூட்டி ஃப்ரூட்டியா?

ஜெனி: சர்க்கரைப் பாகில் ஊறிய பழம் மாமா. முன்பெல்லாம் அசித்ரோன் என்று ஒன்று போடுவார்கள். பிஸ்னாகா என்ற உருண்டைக் கள்ளியின் சதையைப் பாகில் போட்டுச் செய்வது. அந்தக் கள்ளி வளரவே பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டினால் செடி செத்தது. இப்போது சட்டம் அதைப் பாதுகாக்கிறது. சந்தையில் இன்னும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், அதைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஒருநாள் ரொட்டி அலங்காரத்துக்காக அத்தனை வருஷச் செடியைக் கொல்வதா? எங்கள் ரொட்டியில் அத்திப்பழமும் கொய்யாக்கூழ்க் கட்டியும்தான்.

மேரி அத்தை: நல்லது. சரி, பொம்மை யாருக்கு வந்தது?

ஜெனி: வாசலில் இருக்கும் காவல்கார அண்ணனுக்கு! அவரையும் கூப்பிட்டு வெட்டச் சொன்னோம். ஒருத்தர் தலையில் செலவைப் போட யாருக்கும் மனசில்லை. ஆளுக்கு ஒரு சாமான் வாங்குகிறோம். அவர் மனைவிதான் பக்குவம் சொல்லித்தரப் போகிறார். மாவு பிசைய நான் பேர் கொடுத்திருக்கிறேன்.

மேரி அத்தை: ஞாயிற்றுக்கிழமை நானும் ரொட்டி சுடுகிறேன். பொம்மைக்கு எங்கே போவது?

ஜெனி: முன்காலத்தில் அவரை விதைதான் வைத்தார்களாம் அத்தை. காய்ந்த மொச்சை ஒன்று போதும். வெந்த பிறகு அடியில் கீறிச் செருகிவிடுங்கள். குட்டிப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், விழுங்கிவிடப் போகிறார்கள்.

சேவியர் மாமா: மொச்சை எனக்கு வந்தால் பிப்ரவரி 2 எல்லாரும் நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கொழுக்கட்டைக்கு இலை நான் பறித்து வைக்கிறேன்.