டயல் லூம் பத்து நிமிஷத்துல அணைஞ்சிடுது, புள்ளியெல்லாம் குழி – அவசர உதவி

கறுப்புமுள்:
நானே பாகம் சேர்த்துக் கட்டற கைக்கடிகாரத்துக்கு (கஸ்டம் பில்டு) டயல்ல மணிப் புள்ளிகளுக்கு லூம், அதான் இருட்டுல ஒளிரும் பூச்சு, வெச்சேன். காய்ஞ்சதும் புள்ளி நடுவுல குழி, ஓரம் மட்டும் தடிப்பு. டார்ச் அடிச்சா பத்து நிமிஷம்கூட நிக்கல. நாளைக்கு முள் மாட்டணும். என்ன பண்ணலாம்?

ஆயிலர்007:
எந்த கிரேடு லூம் தூள்? அதைக் கலக்கற பைண்டர் (ஒட்டுத் திரவம்) என்ன? டயல் என்ன நிறம்? எத்தனை அடுக்கு? இதைச் சொல்லாம ஜோசியம்தான் பார்க்கணும்.

சி3பக்தன்:
பிஜிடபிள்யூ9 கிரேடு போட்டிருப்பார். அதைவிடப் பிரகாசமான சி3 கிரேடு போடுங்க, பிரச்சினை தீர்ந்தது.

ஈரம்பகை:
தண்ணீர் சேர்ந்த அக்ரிலிக்ல கலந்தீங்களா? இந்தத் தூள் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். மேல்பூச்சு இல்லாத தூள்ல ஈரம் பட்டா சிதைஞ்சு ஒளிர்வு போயிடும். டப்பாவைத் திறந்து வெச்சாலும் ஆபத்துதான்.

மூத்தமணி:
மாசம் ஒருத்தர் இதையே கேக்கறீங்க. தேடிப் பார்க்கற பழக்கமே போச்சு. முள் மாட்டற அவசரத்துல லூம் வைக்கக் கூடாதுங்கறது அரிச்சுவடி.

கறுப்புமுள்:
பிஜிடபிள்யூ9, லாக்கர் பைண்டர். கெட்டியா இருந்துச்சு, தின்னர் விட்டேன். பளபள கறுப்பு டயல், ஒரே அடுக்கு. அளவெல்லாம் கண்ணளவுதான்.

ஆயிலர்007:
இப்பப் புரியுது. தின்னர் கூடினா ஓரம் முதல்ல காயும், தூள் ஓரத்துக்கு இழுபடும், நடுவுல குழி விழும். அதோட கறுப்பு டயல் ஒளியைக் குடிச்சிடும். மெல்லிய ஒரு அடுக்குக்கு எதிரொளிப்பே கிடைக்காது.

முதல்ல ஒரு சோதனை. பைண்டர் கலக்காத வெறும் தூள் கொஞ்சத்தை டயல் பக்கத்துல வெச்சு, ரெண்டுக்கும் ஒரே டார்ச், ஒரே நேரம் காட்டுங்க. தூள் நின்னு எரிஞ்சு டயல் மங்கினா தூள்ல குறை இல்ல, கலவையும் தடிமனும்தான். ரெண்டும் மங்கினா ஈரம்பகை சொன்னதைப் பாருங்க.

தூளும் பைண்டரும் எடையில சமம். கலவை தேன் பதத்துல ஊசி முனையில தொங்கணும். தானா விழுந்தா ரொம்ப நீர்த்துப்போச்சு, விழவே இல்லன்னா தின்னர் ஒரே ஒரு துளி. தூளை அரைக்காதீங்க, படிகம் உடைஞ்சா வெளிச்சம் குறையும். மெதுவாக் கிண்டி, குமிழி அடங்க ரெண்டு நிமிஷம் விடுங்க. தூள் கனம், அடியில படியும்; நாலஞ்சு புள்ளிக்கு ஒருமுறை திரும்பக் கிண்டணும்.

முதல்ல வெள்ளை அடிப்பூச்சு. அது ஒரு நாள் காயட்டும். அதுக்கு மேல லூம் ரெண்டு அடுக்கு, மொத்தம் 0.2 முதல் 0.3 மி.மீ. துளியை நடுவுல வெச்சு, ஆயிலர் (எண்ணெய் வைக்கற ஊசி) முனையால ஓரத்துக்கு இழுங்க.

கறுப்புமுள்:
பழசைத் தின்னர்ல துடைக்கலாமா?

ஆயிலர்007:
வேண்டவே வேண்டாம். டயல் லாக்கரும் எழுத்தும் சேர்ந்து போயிடும். பெக்வுட்டை (கடிகார வேலைக்கான மரக்குச்சி) உளி மாதிரி சீவி ஓரத்துல நெம்புங்க, சில்லாப் பெயரும். பிறகு ரோடிகோவால (அழுக்கை ஒட்டி எடுக்கற களிமண் மாதிரிப் பசை) ஒத்திட்டு, அந்த இடத்துல எண்ணெய்ப் பசை இருக்கான்னு பாருங்க. இருந்தா புதுக் கலவை ஒட்டாம ஒதுங்கும்.

சி3பக்தன்:
சி3 போட்டிருந்தா இவ்வளவு பாடே இல்ல.

வெள்ளைமுள்:
ஒளிர்வுல பிஜிடபிள்யூ9 ஒண்ணும் ரொம்பப் பின்னால இல்ல. சி1 கிரேடுதான் சி3-ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. சி3 பகல்ல மஞ்சள் பச்சை. பகல்ல வெள்ளையா இருக்கற பிஜிடபிள்யூ9 எடுத்தவருக்கு அதைத் திணிக்காதீங்க.

ஈரம்பகை:
லாக்கரை விட்டுட்டு யூவி ரெசின் (புற ஊதா ஒளியில கெட்டியாகற பிசின்) போட்டா காயக் காத்திருக்கவே வேண்டாமே?

மூத்தமணி:
தூள் யூவியை உறிஞ்சும். தடிச்ச துளி மேல காய்ஞ்சு அடி பிசுபிசுக்கும். மெல்லிசா அடுக்கு அடுக்கா காய வைக்கப் பொறுமை இருந்தா பரவாயில்ல. இங்க எத்தனை பேருக்கு இருக்கு?

ஈரம்பகை:
அதைத்தான் நானும் மெல்லிசான்னு சொல்றேன்.

மூத்தமணி:
நீங்க சொல்லல.

கறுப்புமுள்:
தூள் நல்லா எரியுது, டயல்தான் மங்கல். பெக்வுட்ல வந்துடுச்சு. வெள்ளை அடிச்சு ரெண்டு அடுக்கு வெச்சாச்சு, இப்ப சூப்பர். ஆனா 12 மணி புள்ளி மேல மணி முள் உரசுது.

ஆயிலர்007:
மணி முள் எவ்வளவு தாழ இருக்கு? பக்கவாட்டுல ஒரு படம் போடுங்க. நிமிட முள்ளுக்குக் கீழ இடம் இருந்தா மணி முள்ளைக் கொஞ்சம் உயர்த்தி மாட்டலாம். இல்லன்னா அந்த ஒரு புள்ளியை மட்டும் பெயர்த்து தாழ்வா வைங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, தூசி முழுக்க மூவ்மென்ட்டுக்குள்ள (கடிகார இயந்திரம்) போகும்.