வயதுக் கணக்கில் விடை பூச்சியம் வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். தாயின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 6 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்காகும் எனில், இருவரின் இன்றைய வயது என்ன? மகளின் வயதை வ எனக் கொண்டு 4வ + 6 = 3வ + 6 என்று எழுதினால், வ = 0 என வருகிறது. செல்சியஸ், பாரன்ஹீட் சூத்திரமான செ = 5(ப − 32)/9 என்பதில் ப-வைத் தனிமைப்படுத்தினாலும், ப = (9செ + 32)/5 என்ற பொருந்தாத விடையே கிடைக்கிறது. இடமாற்று முறையைத்தான் பின்பற்றினேன். பிழை எங்கே நேர்கிறது?

மறுமொழி 1:
முதல் கணக்கில் தீர்த்த முறை சரியே. சமன்பாடுதான் வேறொன்றைச் சொல்கிறது. மும்மடங்கு என்பது மகள் 6 ஆண்டுகள் கழித்து எட்டும் வயதுக்கு, அதாவது (வ + 6) முழுவதற்கும் உரியது. தாங்களோ இன்றைய வயதை மட்டும் மும்மடங்காக்கிவிட்டு, 6-ஐப் பிறகு சேர்த்திருக்கிறீர்கள். 4வ + 6 = 3(வ + 6) என்று எழுதினால் 4வ + 6 = 3வ + 18 ஆகி, வ = 12 என்றும், தாயின் வயது 48 என்றும் கிடைக்கும். 6 ஆண்டுகளுக்குப் பின் 18, 54; மும்மடங்குதான். வயதுக் கணக்கு எதுவானாலும், சமன்பாட்டுக்கு முன் "இன்று", "பிறகு" என இரு நிரல்கள் போட்டு, ஒவ்வொருவருக்கும் உரிய கோவையை எழுதிவிடுவது நல்லது.

மறுமொழி 2:
சூத்திரத்தைப் பொறுத்தவரை, ப-வின் மீது செயல்கள் நடந்த வரிசையைப் பாருங்கள்: முதலில் 32 கழிக்கப்பட்டு, பின்பு 5-ஆல் பெருக்கப்பட்டு, இறுதியில் 9-ஆல் வகுக்கப்படுகிறது. விடுவிக்கும்போது கடைசியில் நடந்ததிலிருந்து தொடங்கி, இருபுறமும் 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, அதன் பிறகே 32-ஐக் கூட்ட வேண்டும்: ப = 9செ/5 + 32. அடைப்புக்குறிக்கு வெளியே 5 நிற்கும்போதே 32-ஐத் தாங்கள் வெளியே எடுத்துவிட்டீர்கள். முதலிலேயே விரித்தால் 9செ = 5ப − 160 என்று வரும்; அதிலிருந்தும் இதே விடைதான். செ = 100 எனில் ப = 212 ஆக வேண்டும்; தங்கள் சூத்திரம் 186.4 தருகிறது. "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று மனப்பாடம் செய்வதுதான் இத்தகைய குழப்பத்துக்கு வழிவகுக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. க = (ம + 1)/(ம − 2) என்பதுபோல், மாறி இரண்டு இடங்களில் வந்தால்?

மறுமொழி 2:
பகுதியால் பெருக்கி விரித்து, ம உள்ள உறுப்புகளை ஒரே பக்கம் சேர்த்துப் பொதுக்காரணியாக எடுக்க வேண்டும். ம(க − 1) = 2க + 1 என்பதால் ம = (2க + 1)/(க − 1). க = 1 மட்டும் ஆகாது; அப்போது ம + 1 = ம − 2 என்று சொன்னதாகிவிடும்.