வேதாரண்யம் பக்கம் வீட்டுக் கூரை: ஓடா, ஷீட்டா?

வேதாரண்யம் பக்கம் கடலிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் வீடு. 2018 கஜா புயலில் ஓடெல்லாம் பறந்த பிறகு அவசரத்துக்கு ஜிஐ தகரம் (துத்தநாகம் பூசிய இரும்பு ஷீட்) போட்டோம், இப்போது ஸ்க்ரூ போட்ட இடத்தைச் சுற்றித் துரு ஏறி, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. உப்புக் காற்று சும்மா விடுமா? அப்பாவுக்கு மறுபடி மங்களூர் ஓடுதான் வேண்டுமாம். வெயிலுக்குச் சுகம், சரி, ஆனால் ரீப்பரோடு (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) கம்பி வைத்துக் கட்டினால் புயலுக்கு நிற்குமா? ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். அலுமினிய ஷீட்டில் இந்தச் செந்துரு வராது, விலைதான் இடிக்கிறது, அதிலும் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டால் அந்த இடம் அரித்துவிடும். கடலோரத்தில் இதில் எதையாவது போட்டு நாலைந்து மழைக்காலம் பார்த்தவர்கள் இருந்தால், என்ன கனம், என்ன ஸ்க்ரூ, சதுர அடிக்கு எவ்வளவு செலவு ஆனது என்று சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.