300 டி-ஷர்ட், விலையே பேசாத கஸ்டமர்: நம்பலாமா?

சாயத்துளி:
வணக்கம். நானும் தம்பியும் மட்டும் டி-ஷர்ட் பிரிண்டிங் பண்றோம். முந்தாநாள் ஒரு மெயில். 300 டி-ஷர்ட், கறுப்பு, அத்தனையும் லார்ஜ், நெஞ்சுல ஒரே ஒரு வரி. முதல் வரியிலயே "கார்டு வாங்குவீங்களா?" துணி எத்தனை ஜிஎஸ்எம் (அதாவது எவ்வளவு கனம்), துவைச்சா எழுத்து நிக்குமா, எதுவும் கேட்கல. இருபது சட்டை எடுக்கிறவரே நாலு தடவை சாம்பிள் கேட்டு உயிரை வாங்குவார்.

அவசரத்துல கொட்டேஷன்ல ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். பத்து மடங்கு! அதுக்கும் "ஓகே, பில் போடுங்க"ன்னு பதில். அங்கதான் உறுத்த ஆரம்பிச்சது.

இன்னைக்கு அடுத்த மெயில். அவரோட டிரான்ஸ்போர்ட் ஆளே வந்து எடுத்துப்பாராம். அந்த ஆள்கிட்ட கார்டு மெஷின் இல்லையாம். அதனால வண்டி வாடகையையும் சேர்த்து நான் கார்டுல எடுத்துக்கிட்டு, அதை அந்த ஆள் அக்கவுண்டுக்கு அனுப்பணுமாம். கார்டு நம்பர் மெயில்லயே வந்திருக்கு, அதுவும் ரெண்டு. ஒண்ணு போகலன்னா இன்னொண்ணாம். போன்ல பேசலாமான்னா, காது கேட்காதுன்னார்.

"பணம் முன்னாடியே கைக்கு வருதே, நமக்கென்ன நஷ்டம்?"ங்கிறான் தம்பி. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. மந்தமான மாசம் வேற.

பழைய மைக்காரன்:
அந்த ரெண்டு நம்பரையும் மெஷின்ல போட்டுடாதீங்க.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. பணம் கைக்கு வரல, அதான் விஷயம். 'அப்ரூவ்டு'ன்னா அந்தக் கார்டு உயிரோட இருக்கு, லிமிட் இருக்கு, அவ்வளவுதான். நம்பரை அனுப்பினவன்தான் கார்டுக்குச் சொந்தக்காரனான்னு அது சொல்லாது. நிஜ சொந்தக்காரர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் புகார் கொடுத்ததும் சார்ஜ்பேக் வரும், அதாவது உங்களுக்கு வந்த பணத்தை பேங்க் திரும்ப எடுத்துக்கும். விசா, மாஸ்டர்கார்டுல மோசடிப் புகாருக்குப் பொதுவா 120 நாள் வரை நேரம் உண்டு. நீங்க எல்லாத்தையும் மறந்திருப்பீங்க. முழுத் தொகையும் உங்க அக்கவுண்டிலிருந்து போகும், மேல ஒரு கட்டணமும். டிரான்ஸ்போர்ட்டுக்கு நீங்க அனுப்பினது மட்டும் திரும்பாது. அது நீங்களே கையால எடுத்துக் கொடுத்தது.

அவனுக்கு உங்க சட்டையே வேண்டாம். எழுத்து அடிச்ச சட்டையை எங்க கொண்டுபோய் விக்கிறது? அவனுக்கு வேண்டியது அந்த வாடகைதான். சைபர் கூடினதை அவன் படிச்சிருக்கவே மாட்டான். என்கிட்ட இப்படி 150 சட்டை தங்கிப்போச்சு, 'வெற்றி அணி'ன்னு எழுதினது. இன்னும் அதை வெச்சுத்தான் மெஷின் துடைக்கிறேன்.

காகிதக்கட்டு:
எனக்கு வந்தது வேற ரகம், அவங்களுக்குச் சரக்குதான் வேணும். டோனர், ஹார்ட் டிஸ்க் மாதிரி கைமாத்தினா உடனே காசாகுற சாமான். பெரிய கல்லூரி ஒண்ணு பேர்ல பர்ச்சேஸ் ஆர்டர், 30 நாள் கடன். லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் கச்சிதம். மெயில் முகவரியில மட்டும் நடுவுல ஒரு சின்னக் கோடு கூடுதல். அந்த டொமைனை (முகவரியில @க்குப் பின்னாடி வர்ற பேரை) யாரு எப்போ பதிஞ்சாங்கன்னு பார்த்தா, ஒன்பதே நாள் ஆகியிருந்தது. டெலிவரி முகவரியைத் தேடினா ஏதோ ஒரு வாடகைக் கிடங்கு.

மெயில்ல இருந்த நம்பருக்குக் கூப்பிடல. அதை எடுக்கப்போறதும் அவங்க ஆள்தானே! கல்லூரியோட சொந்த வெப்சைட்ல இருந்த நம்பருக்குப் போட்டேன். "இந்த வாரம் நீங்க மூணாவது ஆள்"னாங்க.

மௌனராகம்7:
ஒரு விஷயம். எனக்கு நிஜமாவே காது கேட்காது. மொத்தமா சரக்கு வாங்குறவதான். போன்ல வரலன்னதுமே மோசடின்னு என் ஆர்டரைத் தள்ளின கடைங்க உண்டு. வீடியோ கால்ல முகம் காட்டி, எழுதிப் பேசலாம்னு சொல்லிப் பாருங்க. நான் சந்தோஷமா வருவேன். அவன் நழுவுவான்.

சாயத்துளி:
எல்லாருக்கும் நன்றி. மௌனராகம் சொன்னபடியே வீடியோ கால் கேட்டேன், கேமரா ரிப்பேராம். வாடகையை நீங்களே அவருக்குக் கட்டிடுங்க, எங்களுக்கு பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும்னு எழுதினேன். "செக் அனுப்பறேன், கொஞ்சம் கூடுதலா இருக்கும், மீதியை டிரான்ஸ்போர்ட்டுக்குக் கொடுத்துடுங்க"ன்னு பதில். சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கிறார்.

பழைய மைக்காரன்:
செக் போட்டதும் பேலன்ஸ்ல தொகை தெரியலாம். அதை நம்பி அனுப்பிடாதீங்க. போலிச் செக்னு தெரிய நாளாகலாம், தெரிஞ்சதும் பேங்க் உங்ககிட்டதான் பிடிக்கும். இனிமே பதிலே போட வேண்டாம்.

சாயத்துளி:
போடல. மெயிலை எடுத்து வெச்சிருக்கேன், ரெண்டு கார்டு விவரத்தையும் பேங்க்ல சொல்லியாச்சு, பாவம் அது யாரோடதோ.

இப்பதான் தம்பி போனை நீட்டினான். வேற பேர், "கார்டு வாங்குவீங்களா?", அதே 300. இந்தத் தடவை மீடியம்.