சின்ன ரூமுக்குச் சின்ன கம்ப்யூட்டர் கேபினட் எது? அவசரம்!

கோவைத்_தம்பி:
வணக்கம். இங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) எல்லாவற்றையும் வேட்டி துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். கேபினட் மட்டும் ஊரில். ரூம் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறது. திங்கட்கிழமை ரெண்டர் (கம்ப்யூட்டர் உருவாக்கித் தரும் படம்) அனுப்பியாக வேண்டும். இருப்பதிலேயே சின்ன கேபினட் எது? இன்று ராத்திரியே ஆர்டர் போடணும், ப்ளீஸ்!

ஸ்கார்பரோ_மாமா:
தம்பி, முதலில் நல்ல விண்டர் ஜாக்கெட் வாங்கும். நாங்கள் வந்த காலத்தில் பேஸ்மென்டில் நாலு பேர், ஒரு ரைஸ் குக்கர். கம்ப்யூட்டரைப் பற்றி யார் யோசித்தது? பேசாமல் ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு வேலையைப் பாரும்.

சிப்பு_ரசிகன்:
ரெண்டர் வேலைக்கு லேப்டாப்பா மாமா? ஃப்ராக்டல் டெர்ரா வாங்குங்க. கொள்ளளவு 10.4 லிட்டர்தான், 322 மி.மீ. நீளக் கார்டு வரை உள்ளே போகும். மேசையில் வைத்தால் பார்க்கவே அம்சமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடுங்க.

மியூனிக்_மதி:
கண்ணைத் திறந்துகொண்டே போடுங்கள். டெர்ராவில் பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரின் உயரம் 77 மி.மீ.க்கு மேல் போகாது. கார்டு தடிமன் என்றால் அதுவும் குறையும். விடிய விடிய ரெண்டர் ஓடினால் ஃபேன் கத்துகிற கத்தில் தூங்க முடியாது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 பாருங்கள். 18 லிட்டர், 155 மி.மீ. கூலர் வரை நிற்கும்.

சிப்பு_ரசிகன்:
பிராசசரின் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் சூடு பிரச்சினையே இல்லை. கோடையிலும் எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது.

மியூனிக்_மதி:
ஏசி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். எங்கள் மாடி ரூமில் ஜூலையில் வந்து இருந்து பாருங்கள்.

டார்ட்மண்ட்_தமிழன்:
ஏசியை விடுங்க. இந்த ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை அவசரத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கக் கடை உண்டா? பார்சல்காரரும் பெல் அடிக்காமலே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஸ்கார்பரோ_மாமா:
கனடாவில் எங்களுக்குக் கடை திறந்துதான் இருக்கு. வாடகை கட்டின பிறகு கடைக்குப் போகக் காசு இல்லை.

லண்டன்_செல்வி:
சரி, புலம்பல் போதும். தம்பி, எந்த நாடு என்றே நீங்கள் சொல்லவில்லை. ஒரு ஸ்கேல் எடுத்து போர்டின் நீள அகலம், கார்டின் நீளம், எஸ்எம்பிஎஸ்ஸின் அகலம் மூன்றையும் அளந்து போடுங்கள்.

கோவைத்_தம்பி:
ஜெர்மனி, ஸ்டுட்கார்ட் அக்கா. போர்டு 24.4 செ.மீ. சதுரம், கார்டு 30, எஸ்எம்பிஎஸ் 15.

லண்டன்_செல்வி:
அப்படியானால் இவர்கள் சண்டை போட்ட இரண்டுமே உங்களுக்கு ஆகாது. உங்களுடையது மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. அவை 17 செ.மீ. மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கானவை. அவற்றுக்கு எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஃப்எக்ஸ் என்கிற சின்ன வகை வேண்டும். போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றக் காசு இருந்தால் பார்க்கலாம், இப்போது வேண்டாம். அசூஸ் ஏபி201 எடுங்கள். 33 லிட்டர், மேசைக்கு அடியில் போய்விடும். 338 மி.மீ. கார்டு, சாதாரண எஸ்எம்பிஎஸ் எல்லாம் உட்காரும். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. கடையில் வாங்கினால் அது கடைக்காரர் மனசு.

பார்சல் திங்களுக்குள் வராது. அதுவரை போர்டை வெறும் அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டுங்கள். போர்டு வந்த பளபள கவர் மேல் மட்டும் வைக்காதீர்கள், மின்சாரம் கடத்தும். கார்டு சாயாமல் முட்டுக் கொடுங்கள். போர்டில் உள்ள பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகிவிடும். அங்கேயும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் சுவரில் ஏறாது. அந்த ஊர் பவர் கேபிள் ஒன்று நாளைக்கே வாங்கிவிடுங்கள்.

கோவைத்_தம்பி:
ஓடுது அக்கா! பழைய மானிட்டரின் பவர் கேபிளையே எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிவிட்டேன். போர்டு ஸ்க்ரூ எல்லாம் கேபினட்டோடு வருமா?

லண்டன்_செல்வி:
வரும். அந்தக் கேபிள் கம்ப்யூட்டருக்குத் தாங்குமா என்று பார்க்கணும். எத்தனை ஆம்பியர் என்று பிளக்கில் அச்சடித்திருக்கும், பார்த்துச் சொல்லுங்கள்.