மோட் மாற்றத்தில் ஐஓஎம்எம்யூ பிழை: ஃபிரேம் பஃபரைத் தாமதமாக விடுவிப்பது தீர்வா, மறைப்பா?

வரிக்கோடு:
ஆர்ம் செயலி ஒன்றுக்கான லினக்ஸ் திரை இயக்கியில், 1920×1080 மோடிலிருந்து 3840×2160 மோடுக்கு மாறும்போது மட்டும் ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் நினைவகத்தை அணுகும் முகவரிகளை மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் அலகு) பிழை பதிவாகிறது. அது படிக்கும்போது வரும் பிழை என்பதும், அதிலுள்ள ஸ்ட்ரீம் எண் (அணுகிய சாதனத்தின் அடையாள எண்) திரைக் கட்டுப்படுத்தியுடையது என்பதும் உறுதி. பழைய ஃபிரேம் பஃபரை (திரையில் காட்டும் படம் இருக்கும் நினைவகப் பகுதி) உடனே விடுவிக்காமல் இரண்டு வீபிளாங்க் (ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரம்) கழித்து விடுவிக்குமாறு மாற்றிய பிறகு, இரவு முழுவதும் மோடை மாற்றி மாற்றி ஓட்டியும் பிழை வரவில்லை. முகவரி ரெஜிஸ்டரில் எழுதும் மதிப்பு அடுத்த வீபிளாங்கில்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை வன்பொருள் பழைய பஃபரையே படித்துக்கொண்டிருக்கும். ஆகவே விடுவிப்பைத் தள்ளிப்போடுவதே முறையான தீர்வு என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கலாம்.

இடைக்கணம்:
மறுக்கிறேன். லினக்ஸின் திரைக் கட்டமைப்பான டிஆர்எம் அடுக்கின் அட்டாமிக் (திரை மாற்றங்களை ஒரே தொகுப்பாகச் செய்யும்) உதவிச் செயல்கூறுகள், ஃபிளிப் (புதிய பஃபருக்கு மாறுதல்) முடிந்ததாக இயக்கி அறிவிக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் பழைய பஃபர்களைத் துப்புரவு செய்கின்றன. உங்கள் இயக்கி அந்த அறிவிப்பைச் சரியான நேரத்தில் அனுப்பினால் கூடுதல் தாமதம் தேவையே இல்லை. முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது என்றால், திருத்த வேண்டியது அறிவிப்பைத்தான். இரண்டு வீபிளாங்க் என்ற கணக்கை எந்த வன்பொருள் கையேட்டிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சொல்லவில்லை. அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன்: பிழை முகவரியிலிருந்து பழைய பஃபரின் தொடக்க முகவரியைக் கழித்தால் என்ன வருகிறது?

வரிக்கோடு:
82,94,400. முதலில் பதிவாகும் பிழையில் ஒவ்வொரு முறையும் இதே எண்தான் வருகிறது. பஃபரின் வடிவம் பிக்சலுக்கு 4 பைட்டு, டைலிங் (பிக்சல்களைக் கட்டங்களாக அடுக்குவது) கிடையாது.

இடைக்கணம்:
அப்படியானால் உங்கள் விளக்கம் நிற்காது. 1920ஐ 1080ஆல் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கினால் 82,94,400. அதாவது பிழை விழுந்த இடம் பழைய பஃபர் முடிந்ததற்கு அடுத்த முதல் பைட்டு. 4096 பைட்டுப் பக்கங்களாகப் பிரித்தால் சரியாக 2025 பக்கங்கள் வருகின்றன, மீதி இல்லை; அதனால் கடைசிப் பக்கத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லாமல், எல்லையைத் தாண்டிய முதல் படிப்பே பிழையாகிவிட்டது. பஃபரை முன்கூட்டியே விடுவித்திருந்தால், அந்தக் கணத்தில் திரை எந்த வரியைப் படித்துக்கொண்டிருந்ததோ அங்கேயே, பஃபருக்கு உள்ளே, ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் ஓரிடத்தில் பிழை விழுந்திருக்கும். மாறாத எண்ணாக, அதுவும் பஃபரின் நீளத்துக்குச் சமமாக வருவதால், பழைய தொடக்க முகவரியை வைத்துக்கொண்டு புதிய அளவுக்கு வன்பொருள் படித்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒன்று உறுதி செய்துகொள்ள வேண்டும்: உங்கள் கட்டுப்படுத்தியில் பிளேனுக்கு (ஒரு பஃபரைப் படித்துத் திரையில் காட்டும் அடுக்கு) தனியாக அளவு ரெஜிஸ்டர் உண்டா?

வரிக்கோடு:
முதன்மை பிளேனுக்கு இல்லை. அகலமும் உயரமும் சிஆர்டிசியின் (திரைக்கான நேரச் சிக்னல்களை உருவாக்கும் பகுதி) நேர அமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஆனால் உங்கள் விளக்கம் சரியென்றால், தாமதம் சேர்த்ததும் பிழை ஏன் மறைய வேண்டும்? எல்லையைத் தாண்டுவது தாண்டுவதுதானே, பஃபரை எப்போது விடுவித்தால் என்ன?

நிழல்பைட்:
இருவரும் தவறான முனையிலிருந்து தொடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஐஓஎம்எம்யூ பிழை குறுக்கீடாக வந்து சேரும் நேரத்தில் செயலி வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அச்சாகும் அழைப்பு அடுக்கை (எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்ற பட்டியல்) வைத்து எதையும் நிறுவ முடியாது. முதலில் கேசானை (கெர்னலின் நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கருவி) இயக்குங்கள். காத்திராத கமிட்டுகள் (திரை மாற்றங்களை வன்பொருளில் எழுதும் பணிகள்) பணி வரிசையில் பின்னர் ஓடுவதால், ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட பழைய பிளேன் நிலையைக் குறுக்கீட்டுக் கையாளி தொட்டுவிடுவது இவ்வகை இயக்கிகளில் அடிக்கடி காணும் தவறு. ஸ்லப் நச்சூட்டலை (விடுவித்த நினைவகத்தைக் குறிப்பிட்ட பைட்டால் நிரப்புவது) இயக்கியிருந்தால் சுட்டியின் மதிப்பில் 6பி என்ற பைட்டு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு உடனே பிடித்துவிடலாம். கூடவே, ஃபிரேம் பஃபர் கன்சோல் வழியாக மோட் மாற்றும்போது கன்சோல் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கும் என்பதால் கெர்னலின் கடைசிச் செய்திகள் சீரியல் முனைக்குக்கூட வராமல் போகலாம். ஆகவே ராம்ஊப்ஸை (கெர்னல் செய்திகளை மறுதொடக்கத்துக்குப் பின்னும் ராமில் காத்துவைக்கும் வசதி) அமைத்துவிட்டுத் தேடுவது நல்லது.

இடைக்கணம்:
ராம்ஊப்ஸ் பற்றிய அறிவுரையை ஏற்கிறேன். கேசான் இங்கே உதவாது. 8 பைட்டுக்கு 1 நிழல் பைட்டு என்ற கணக்கில் அது கண்காணிப்பது கம்பைலர் இடைச்செருகிய செயலி அணுகல்களை மட்டுமே. டிஎம்ஏ மூலம், அதாவது செயலியைத் தவிர்த்து நேரடியாக, சாதனம் படிப்பது அதன் கண்ணில் படாது. அழைப்பு அடுக்கு பயனற்றது என்பதும் சரியே. ஆனால் முகவரி, ஸ்ட்ரீம் எண், படிப்பா எழுத்தா என்ற குறி ஆகிய மூன்றும் வன்பொருளே தந்தவை. நான் சார்ந்திருப்பது அவற்றைத்தான்.

இனி வரிக்கோடு கேட்ட கேள்வி. லினக்ஸின் டிஎம்ஏ முகவரி ஒதுக்கி மேலிருந்து கீழாக இடம் தருகிறது; உங்கள் இயக்கியில் அடுத்தடுத்த பஃபர்களுக்கு நடுவே இடைவெளி இல்லை என்று கொள்வோம். ஆகையால் இப்போதைய பஃபருக்கு நேர் மேலே, அதற்கு முந்தைய ஃபிளிப்பில் காட்டிய பஃபர் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தாமதம் இல்லாதபோது அது விடுவிக்கப்பட்டு அங்கே ஓட்டை விழுந்திருக்கும். எல்லை தாண்டிய படிப்பு அந்த ஓட்டையில் மோதிப் பிழையானது. இரண்டு வீபிளாங்க் தாமதித்ததும் அந்தப் பஃபரின் மேப்பிங் (சாதனம் அதை அணுகுவதற்கான முகவரிப் பதிவு) மோட் மாறும் கணத்திலும் உயிரோடு இருக்கிறது. அதே தவறான படிப்பு இப்போது வேறு யாருடைய படத்தையோ சத்தமின்றி எடுத்துத் திரைக்கு அனுப்புகிறது. அந்த நினைவகம் வேறொரு நிரலுடையது என்றால், இது பிழையை விட மோசமான நிலை.

சோதிக்க எளிய வழி உண்டு. உங்கள் தாமதத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு பஃபரின் மேப்பிங்குக்குப் பின்னும் ஒரு பக்கத்தை மேப் செய்யாமல் காவலாக விடுங்கள். என் விளக்கம் சரியென்றால், தாமதம் இருந்தும் பிழை திரும்பும்.

நிழல்பைட்:
அந்தச் சோதனையை ஸ்ட்ரிக்ட் முறையில்தான் (நீக்கிய மேப்பிங்கை உடனடியாகச் செல்லாததாக்குவது) ஓட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். டிஎம்ஏ அடுக்கு சோம்பல் முறையில் இருந்தால், நீக்கப்பட்ட மேப்பிங் டிஎல்பியில் (முகவரி மொழிபெயர்ப்புகளின் தற்காலிகச் சேமிப்பு) சிறிது நேரம் தங்கியிருக்கும். அதற்குள் நடக்கும் தவறான படிப்புகள் பிழையாகாமல் தப்பிவிடும். கேசானைப் பொறுத்தவரை என் கருத்தை நான் விலக்கிக்கொள்ளவில்லை; இந்தப் பிழைக்கு அது பொருந்தாமல் போகலாம், அடுத்ததற்குப் பொருந்தும்.

வரிக்கோடு:
காவல் பக்கத்துடன் ஸ்ட்ரிக்ட் முறையில் ஓட்டினேன். தாமதம் இருந்தும் பிழை திரும்பிவிட்டது. எண் அதே 82,94,400. கமிட் வரிசையையும் பார்த்தேன். மின்சிக்கனத்துக்கான மாற்று வரிசையை எங்கள் இயக்கி பயன்படுத்துகிறது: பழையதை நிறுத்துவது, சிஆர்டிசியைப் புதிய மோடில் இயக்குவது, அதன் பிறகே பிளேன்களை எழுதுவது. மின்சாரமும் கடிகாரமும் இல்லாத ரெஜிஸ்டரைத் தொட்டால் இந்தச் சில்லில் வெளி அபார்ட் (செயலிக்கு வெளியிலிருந்து வரும் அணுகல் பிழை) வந்து கெர்னலே விழும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது.

இருந்தாலும், வெளியீட்டுக் கிளையில் தாமதத்தையும் வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றே வாதிடுவேன். களத்தில் உள்ள கருவிகளில் அது பிழைப் பதிவுகளை நிறுத்துகிறது; பிளேனை அணைத்துவிட்டு மாற்றினால் திரை ஒரு கணம் கறுக்கும் என்று பயனர்கள் புகார் செய்வார்கள்.

இடைக்கணம்:
வரிசையை மாற்ற வேண்டியதில்லை. சிஆர்டிசியை நிறுத்தும் செயல்கூறுக்குள், கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதிலுள்ள பிளேன்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு, அது நடைமுறைக்கு வரும் வீபிளாங்க் வரை காத்திருங்கள். இதற்கான உதவிச் செயல்கூறு டிஆர்எம்மிலேயே உள்ளது. அப்போது சிஆர்டிசி புதிய மோடில் எழுந்திருக்கும்போது படிப்பதற்குப் பிளேனே இருக்காது. பிளேனின் புதிய முகவரி எழுதப்பட்ட பிறகே படிப்பு தொடங்கும்.

கறுப்புத் திரை பற்றிய வாதத்தை ஏற்க இயலாது. நேர அமைப்பு முழுதாக மாறும் மோட் மாற்றத்தில் பிக்சல் கடிகாரமே நின்று வேறு வேகத்தில் தொடங்குகிறது. மானிட்டர் எப்படியும் சிக்னலை இழந்து மீண்டும் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒரு ஃபிரேம் முன்னதாகப் பிளேனை அணைப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. தாமதத்தை வெளியீட்டுக் கிளையில் வைப்பதானால், காவல் பக்கத்தையும் அதே பேட்சில் சேர்த்து அனுப்புங்கள். அதன் பிறகும் பதிவுகள் நின்றிருந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.